‘எல்லாம் நார்மல்’ என்ற மூன்று அறிக்கைகள்: 48 வயது ஆசிரியையின் சோர்வும் 11 கிலோவும்

அந்த அறிக்கைக் கோப்பை அவர் என் மேசைமேல் வைத்த விதம் இன்னும் கண்முன் நிற்கிறது. மூன்று ஆண்டுகளின் ரத்தப் பரிசோதனை அறிக்கைகள், தேதி வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. “டாக்டர், இதுல எல்லாமே நார்மல்தான். எனக்கே தெரியும். நீங்களும் அதையேதான் சொல்லப் போறீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் லீவு போட்டுட்டு வந்திருக்கேன்.”

வயது 48. சிங்கப்பூரின் செங்காங்கில் நான்கறை வீடு, சிராங்கூனில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை வேலை. கணவருக்கு விமான நிலையச் சரக்குப் பிரிவில் ஐந்து ஆண்டுகளாக நிரந்தர இரவு வேலை. மகன் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில் இருக்கிறான், மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வீட்டில் இரவில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதை மட்டும் மாற்றவில்லை. இந்த நோயின் கதையே அதில்தான் இருக்கிறது.

மூன்று ஆண்டுகளாகக் களைப்பு. நாள் முழுக்கக் குழந்தைகளோடு ஓடியாடி மாலையில் வரும் களைப்பை அவர் இருபது ஆண்டுகளாக அறிவார். இது காலையில் கண் விழிக்கும்போதே இருந்தது. “உடம்ப அடிச்சுப் போட்ட மாதிரி எந்திரிக்கிறேன். எட்டு மணி நேரம் படுத்துத்தான் இருக்கேன்.” அதோடு எடை. 61 கிலோவாக இருந்தவர் 72 ஆகியிருந்தார். உயரம் 157 சென்டிமீட்டர், உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 24.7-லிருந்து 29.2-க்கு ஏறியிருந்தது. ஆசியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும், 27.5-ஐத் தாண்டினால் அதிக ஆபத்து என்பது சிங்கப்பூரில் நாங்கள் பின்பற்றும் அளவு. இடுப்புச் சுற்றளவு 93 சென்டிமீட்டர். பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும்.

அவர் ஏற்கெனவே மூன்று இடங்களுக்குப் போயிருந்தார். ஓரிடத்தில் வயது என்றார்கள். ஓரிடத்தில் மன அழுத்தம் என்றார்கள். மூன்றாவது இடத்தில் சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தார், எடை ஏறியது. நடுவில் ‘ஹார்மோன் சமநிலை’ தருவதாகச் சொல்லி விற்ற ஒரு பொடிக்குச் சில நூறு சிங்கப்பூர் வெள்ளி போயிருந்தது.

முதல் நாள் நானும் ஏறக்குறைய அவர்கள் சொன்னதைத்தான் சொன்னேன். அறிக்கைகளைப் புரட்டினேன். ஹீமோகுளோபின் 12.3, பெண்களுக்கு 12-க்கு மேல் இருந்தால் ரத்தசோகை இல்லை. தைராய்டைக் காட்டும் டிஎஸ்எச் 2.4, நடுவாந்தரம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 5.5, மூன்று மாதச் சராசரி 5.8 விழுக்காடு. சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் வரம்புக்குள். ரத்த அழுத்தம் மட்டும் 138/88. மூன்று ஆண்டுக்கு முன் 118/74 என்று இருந்தது. அதைக் குறித்துக்கொண்டு, மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்குகிறது, உடல் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, டிஎஸ்எச்சை மறுபடி எடுக்க எழுதிக் கொடுத்தேன். காத்திருப்பு அறையில் இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர் கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தபோது முகத்தில் கோபம்கூட இல்லை. அது என்னை வீடு வரைக்கும் தொடர்ந்து வந்தது. மறுநாள் தாதியிடம் சொல்லி, சனிக்கிழமை கடைசி நேரத்தை அவருக்கு ஒதுக்கச் சொன்னேன்.

வயது என்ற விடையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், நானே சொன்ன விடை அது என்பதால். நாற்பதைத் தாண்டினால் உடல் எரிக்கும் சக்தி குறைந்துவிடும் என்று எல்லோரும் நம்புகிறோம். 29 நாடுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அளந்து 2021-ல் வெளியான ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது: உடலின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் 20 வயதிலிருந்து 60 வயது வரை அந்தச் செலவு ஏறத்தாழ மாறுவதேயில்லை. மாதவிடாய் நிற்கும் காலத்தில் கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுவது உண்மை. எடையும் ஆண்டுக்கு அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று ஏறலாம். மூன்று ஆண்டில் 11 கிலோ அந்தக் கணக்கில் அடங்காது.

சனிக்கிழமை நாற்பது நிமிடம் பேசினோம். கேட்காததால் வெளிவராமல் கிடந்தவை ஒவ்வொன்றாக வந்தன.

முதலில் மாதவிடாய். நான்கு நாளில் முடிந்துகொண்டிருந்தது இப்போது எட்டு, ஒன்பது நாள். கட்டிகட்டியாகப் போகிறது. இரண்டாம் நாள் பள்ளியில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பேட் மாற்ற வேண்டியிருக்கிறது. மாற்றப் போகும்போது வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சக ஆசிரியையிடம் சொல்லிவிட்டுப் போகிறார். “நிக்கிற வயசுல அப்படித்தான்னு எங்கம்மா சொன்னாங்க.” ஹீமோகுளோபின் 12.3 என்று பார்த்துவிட்டு இரும்புச்சத்து போதும் என்று முடிவு கட்டினால் இங்கேதான் சறுக்குவோம். உடம்பு முதலில் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கும். ஹீமோகுளோபின் குறைவது கடைசிக் கட்டம். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். அந்தக் கோப்பில் மூன்று ஆண்டும் ஃபெரிட்டின் பார்க்கப்படவேயில்லை. பார்த்தோம்: 11. உலகச் சுகாதார நிறுவனம் 15-க்குக் கீழே போனால் குறைபாடு என்கிறது. மருத்துவர்கள் பலரும் 30-க்குக் கீழேயே சிகிச்சையைத் தொடங்கிவிடுகிறோம்.

45 வயதுக்கு மேல் ரத்தப்போக்கு இப்படி மாறினால் இரும்பு மாத்திரையோடு அனுப்பிவிடக் கூடாது. பெண்நோய் மருத்துவரிடம் அனுப்பினேன். ஸ்கேனில் மூன்று சென்டிமீட்டர் நார்க்கட்டி தெரிந்தது. கருப்பையின் உட்சுவர்த் திசுப் பரிசோதனையில் கெடுதல் எதுவும் இல்லை. ஹார்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனம் ஒன்றைப் பொருத்தினார்கள். நான்காவது மாதத்தில் போக்கு மிகவும் குறைந்துவிட்டது. இரும்பு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கச் சொன்னேன். தினமும் எடுப்பதைவிட அப்படி எடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பு கூடுதலாக இழுத்துக்கொள்கிறது, வயிறும் அவ்வளவு முரண்டு பிடிப்பதில்லை. தேநீரை மாத்திரையிலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் ஒரு மணி நேரமாவது தள்ளிவைக்க வேண்டும். இட்லியோடு தே குடித்தே வளர்ந்தவருக்கு இதுதான் மிகக் கடினமான மருந்துச்சீட்டாக இருந்தது.

இரண்டாவது, ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை. மூக்கடைப்புக்கும் தும்மலுக்கும் இரவில் ஒன்று, இரண்டு ஆண்டுகளாக. குளோர்ஃபெனிரமின். மருந்துக்கடையில் கேட்டால் கிடைப்பதால் ‘என்ன மருந்து எடுக்கிறீர்கள்’ என்ற கேள்விக்கு அவர் அதைச் சொல்லவேயில்லை. அதன் மயக்கம் மறுநாள் முற்பகல் வரை இழுக்கும், பசியையும் கூட்டலாம். நிறுத்திவிட்டு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே கொடுத்தேன்.

மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விகளில் 11 வந்தது. எண்ணை மட்டும் பார்த்தால் மிதமான மனச்சோர்வு. எந்தக் கேள்விகளில் அந்தப் பதினொன்று வந்தது என்று பார்த்தால் களைப்பு, தூக்கம், பசி, கவனக்குறைவு. ஆர்வம் போய்விட்டதா என்ற கேள்விக்குச் சுழியம். பிள்ளைகளின் மேடை நிகழ்ச்சிக்கு அவர் தைத்துக்கொண்டிருந்த உடைகளைக் கைப்பேசியில் காட்டினார். மனச்சோர்வு மாத்திரை எழுதவில்லை. கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைப் பார்க்க வேண்டுமா என்று அவரே கேட்டார், எங்கோ படித்திருக்கிறார். அது மிகுந்துபோகும் குஷிங் நோய்க்குரிய ஊதா வரிகளோ, மெலிந்த தோலோ, தொடைத் தசை பலவீனமோ இல்லை. வேண்டாம் என்றேன். அறிகுறி இல்லாமல் தேடினால் பொய்யான ஒரு விடை கிடைத்து, அதைத் துரத்திக்கொண்டு ஆறு மாதம் ஓட வேண்டியிருக்கும்.

எட்டு வாரத்தில் படியேறும்போது வந்த மூச்சிரைப்பும் படபடப்பும் குறைந்தன. முடி கொட்டுவதும் நின்றதாகச் சொன்னார். நான் மகிழ்ந்தேன். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், இனி காலம் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அவர் சற்றுத் தயங்கி, “காலையில எந்திரிக்கிறது மட்டும் அப்படியேதான் இருக்கு டாக்டர்” என்றார்.

ஜூன் விடுமுறைக்கு அவருடைய தாயார் மன்னார்குடியிலிருந்து வந்தார். முழங்கால் வலி என்று என்னிடம் அழைத்து வந்தார்கள். காலைப் பார்த்து முடித்ததும் அந்த அம்மா எழவில்லை.

“ஏம்மா டாக்டரு, ஒண்ணு கேக்கணும். எம்மவ ராத்திரில கொறட்டை விடுறா. அது கெடக்கட்டும். திடீர்னு சத்தமே நின்னு போவுது. மூச்சே இல்ல. நான் பயந்துபோயி எந்திரிச்சு மூக்குகிட்ட கைய வச்சுப் பாத்தேன். அப்பறம் ஒரு இழு இழுத்துக்கிட்டுத் திரும்பிப் படுக்குறா. ராத்திரி பூரா இப்படித்தான். இவ தூங்குறா, நான் தூங்கல.”

“அம்மா, சும்மா இருங்கம்மா” என்று மகள் தலையைக் குனிந்துகொண்டார். பெண் குறட்டை விடுவதை ஒரு அவமானமாகவே நம் வீடுகளில் பேசிப் பழகியிருக்கிறோம். தனக்குத் தெரிந்திருந்தாலும் அவர் எனக்குச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அவருக்குத் தெரியவும் தெரியாது. கணவர் வேலை முடிந்து காலை எட்டு மணிக்கு வருகிறார்; இவர் ஆறரைக்கே கிளம்பிவிடுகிறார். விடுப்பு நாளிலும் கணவருக்கு இரவில் தூக்கம் வராது, கூடத்தில் தொலைக்காட்சியோடு இருப்பார். மகன் முகாமில். மகள் கதவைச் சாத்திக்கொண்டு காதில் இயர்போனோடு படிக்கிறாள். ஐந்து ஆண்டுகளாக அந்த அறையில் அவருடைய மூச்சைக் கேட்க யாருமில்லை.

சனிக்கிழமை நானும் தூக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தேன். ‘நன்றாகத் தூங்குகிறீர்களா?’ ‘படுத்ததும் தூங்கிடுவேன் டாக்டர்.’ அதை நல்ல செய்தி என்று எழுதி வைத்திருந்தேன்.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்வதைத் தூக்க மூச்சுத்தடை என்கிறோம்; ஸ்லீப் ஆப்னியா என்றால் இங்கே பலருக்கும் புரியும். பாதை மூடியதும் ஆக்சிஜன் இறங்கும், மூளை சில நொடிகள் விழித்து மூச்சை இழுக்க வைத்துவிட்டு மறுபடி உறங்கும். காலையில் அந்த விழிப்பு ஒன்றுகூட நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்தவர் எட்டு மணி நேரம் தூங்கியதாகவே நம்புவார். பழைய குறிப்பை எடுத்து மறுபடி கேட்டேன். காலைத் தலைவலி? வாரத்தில் மூன்று நாள். கண்ணாடிப் பவர் மாறியிருக்கும் என்று விட்டுவிட்டார். வாய் காய்ந்து எழுவது? ஆமாம். இரவில் சிறுநீர் கழிக்க எழுவது? இரண்டு, மூன்று தடவை. சர்க்கரை வந்துவிட்டதோ என்று பயந்துதான் ஆண்டுதோறும் ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். அடைபட்ட பாதைக்கு எதிராக நெஞ்சு இழுக்கும்போது இதயம் விரிந்து ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அதுதான் சிறுநீரைக் கூட்டுகிறது. சர்க்கரைக்கு அதில் பங்கேயில்லை. சிராங்கூனில் ரயில் ஏறினால் செங்காங் நான்காவது நிறுத்தம். அந்த நான்கு நிறுத்தத்துக்குள் உறங்கிப் பொங்கோல் வரை போய்த் திரும்பியது எத்தனையோ தடவை. “எம்ஆர்டியில எல்லாருந்தானே டாக்டர் தூங்குறாங்க?” உண்மைதான். இந்த ஊரில் அதை நோயென்று யார் நினைப்பார்கள்?

வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னேன். உள்நாக்கின் அடிப்பகுதி மட்டும் தெரிந்தது. தாடை சிறியது, சற்று உள்வாங்கியது. முதல் நாளிலேயே பார்த்திருக்க வேண்டிய தொண்டை.

ஏன் இவ்வளவு நாள் பிடிபடவில்லை என்பதற்கு அவர் ஒரு பெண் என்பதும் காரணம். இந்த நோயென்றால் கழுத்து தடித்த, சத்தமாகக் குறட்டை விடுகிற ஆண் ஒருவர்தான் எங்கள் மனத்தில் வருகிறார். முதல் வடிகட்டலுக்கு நாங்கள் பயன்படுத்தும் எட்டுக் கேள்விகளைப் பாருங்கள்: குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, ரத்த அழுத்த நோய், பிஎம்ஐ 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்து 40 சென்டிமீட்டருக்கு மேல், ஆண். அவர் முதலில் வந்த மார்ச் மாதத்தில் கேட்டிருந்தால் இவருக்கு ஒரே ஒரு புள்ளி, களைப்புக்கு. மூன்று வந்தால்தான் சந்தேகப்படவே தொடங்குவோம். தாயார் வந்து ஒரே அறையில் படுத்ததும் அதே உடம்புக்கு மூன்று புள்ளி ஆகிவிட்டது. பிஎம்ஐ 35 என்ற வரம்பும் நம்மவர்களுக்குப் பொருந்துவதில்லை. ஆசியர் பலருக்கு முக எலும்பின் அமைப்பினாலேயே பாதை குறுகல், குறைந்த எடையிலேயே அடைப்பு வந்துவிடும். பெண்கள் வந்தால் பெரும்பாலும் களைப்பு, தலைவலி, தூக்கமின்மை என்றுதான் சொல்வார்கள். அதோடு மாதவிடாய் நிற்கும் வரை சுரக்கும் ஹார்மோனான புரோஜெஸ்ட்ரோன் மூச்சைத் தூண்டி, தொண்டைத் தசைக்கும் ஓரளவு பிடிப்பைக் கொடுக்கிறது. நாற்பதுகளின் பிற்பாதியில் அது குறையும்போது, அதுவரை தாக்குப்பிடித்த பாதை மூடத் தொடங்குகிறது. இங்கேயே, சிங்கப்பூர் மக்களிடையே நடந்து 2016-ல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மிதமான அல்லது கடுமையான தடை இருந்தது. பெரும்பாலோருக்கு அது தெரியாது.

வீட்டிலேயே கட்டிக்கொண்டு படுக்கும் கருவியில் முதலில் பார்த்தோம். மணிக்கு 11 தடை, லேசான வகை. ஐந்துக்குக் கீழ் இயல்பு, பதினைந்து வரை லேசு, முப்பதைத் தாண்டினால் கடுமை. இன்னொரு அறிக்கை வந்து ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்றது. இந்த முறை நான் அதை ஏற்கவில்லை. வீட்டுக் கருவி மூளை அலைகளைப் பதிவதில்லை. ஆக்சிஜன் இறங்காமலேயே உறக்கத்தைக் கலைக்கும் தடைகள் அதில் விழாது, பெண்களிடம் அவைதான் அதிகம். விழித்துக் கிடந்த நேரத்தையும் தூக்கமாக எண்ணி வகுத்துவிடும். மருத்துவமனையில் ஓரிரவு முழுப் பரிசோதனைக்கு அனுப்பினேன். மணிக்கு 24. கனவு காணும் உறக்கக் கட்டத்தில் மட்டும் 51. ஆக்சிஜன் 81 விழுக்காடு வரை இறங்கியிருந்தது. விடியற்காலையில் அந்தக் கட்டம்தான் நீளும். அடித்துப் போட்ட மாதிரி எழுவதற்கு அதுவே கணக்கு.

முடிவைச் சொன்னபோது அவர் அழுதார். நோய் இருக்கிறதே என்று அழவில்லை. “அப்ப நான் சோம்பேறி இல்லல்ல டாக்டர்?” என்று கேட்டார்.

சிபாப் இயந்திரம் சிட்னியில் ஒரு மருத்துவர் உருவாக்கி 1981-ல் வெளியிட்ட எளிய யோசனை: முகமூடி வழியே காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தினால் பாதை மூடாது. யோசனை எளிது, போட்டுக்கொண்டு படுப்பது எளிதல்ல. அதனால் வாங்குவதற்கு முன் ஒரு மாதம் வாடகைக்கு எடுக்கச் சொன்னேன். முதல் வாரம் நடுச்சாமத்தில் கழற்றி எறிந்தார். மூக்கில் பொருந்தும் சிறிய வகை முகமூடியில் காற்று கசிந்துகொண்டேயிருந்தது, காரணம் தெரியவில்லை. தூக்கப் பிரிவுத் தொழில்நுட்பர்தான் கவனித்தார்: மூக்குத்தி. கல் வைத்த எட்டுக்கல் மூக்குத்தி, கல்யாணத்தில் போட்டது. கழற்ற மனமில்லை. தேக்காவில் ஒரு நகைக்கடையில் தட்டையான சிறு பொட்டு மூக்குத்தியாக மாற்றிக்கொண்டார், கசிவு நின்றது. இரவில் தேங்காயெண்ணெய் தேய்ப்பதையும் காலைக்கு மாற்ற வேண்டியிருந்தது, முகமூடியின் பட்டை வழுக்கியதால். எந்தக் கையேட்டிலும் நான் இவற்றைப் படித்ததில்லை. இதே சிக்கலில் இயந்திரத்தை அலமாரியில் வைத்துவிட்ட நம் பெண்கள் எத்தனை பேரோ.

மூன்றாவது வாரத்தில் இரவில் சிறுநீருக்கு எழுவது நின்றது. ஐந்தாவது வாரத்தில் தொலைபேசியில் சொன்னார்: “அலாரம் அடிக்கிறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துருச்சு. கொஞ்ச நேரம் எனக்கு என்னன்னே புரியல.” நான்காம் மாதத்தில் ரத்த அழுத்தம் 124/78, ஃபெரிட்டின் 48.

எடையைப் பற்றி நேராகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இயந்திரம் போட்டால் உடம்பு இளைக்கும் என்ற நம்பிக்கையோடு பலர் வருகிறார்கள். இளைக்காது, சிலருக்குச் சற்று ஏறவும் செய்கிறது. நான்கு மாதத்தில் இவருக்கு ஒன்றரைக் கிலோதான் குறைந்தது. எடைக்கும் இந்த நோய்க்கும் உறவு இரு பக்கமும் ஓடுகிறது. எடை பத்து விழுக்காடு ஏறினால் தடைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 32 விழுக்காடு கூடுகிறது என்று அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2000-ல் சொன்னது. இவர் பதினெட்டு விழுக்காடு ஏறியிருந்தார். உறக்கம் கெட்டால் பசி கூடும், இனிப்பில் நாட்டம் கூடும். விழித்திருக்க அவர் நாளுக்கு நான்கு தே குடித்தார், எல்லாம் கெட்டிப்பால் ஊற்றியது. பொங்கோல் நீர்வழிப் பூங்காவில் மாலை நடை நின்றுபோய் இரண்டு ஆண்டு. கைக்கடிகாரத்தில் ஒன்பதாயிரமாக இருந்த காலடி எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டவில்லை. இதையெல்லாம் மனவுறுதி இல்லாததன் அடையாளமாக அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

விழிப்பு வந்த பிறகு நான் உணவைப் பற்றிப் பேசினேன், அதற்கு முன் பேசவில்லை. தே ஓ கோசோங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். காலை இட்லியோடு ஒரு முட்டை, மதியம் மீன் கூடுதலாக, சோறு கொஞ்சம் குறைவாக. வாரம் இரண்டு நாள் வீட்டுக்குக் கீழேயுள்ள உடற்பயிற்சி மூலையில் தசைக்கான பயிற்சி. நடை தானாகவே திரும்பி வந்தது. ஓராண்டு முடிவில் 66 கிலோ.

எல்லாம் சரியாகிவிடவில்லை. வெக்கை பொங்கி வியர்ப்பது இன்னும் வருகிறது; ஹார்மோன் சிகிச்சை பற்றிப் பேசியிருக்கிறோம், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். நார்க்கட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். கணவரையும் ஒரு தடவை அழைத்து வந்தார். அவருடைய கழுத்தை அளந்தேன், 42 சென்டிமீட்டர், அவருக்கும் சீட்டு எழுதியாயிற்று. களைப்பு என்று வரும் யாரிடமும் இப்போது நான் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, இரவில் உங்கள் அறையில் வேறு யார் படுக்கிறார்கள் என்பது. யாரும் இல்லை என்றால் கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்து ஓரிரவு ஒலிப்பதிவு செய்துவரச் சொல்கிறேன்.

அடுத்த மாதம் அவருக்கு மறுபடி முழுத் தூக்கப் பரிசோதனை. ஆறு கிலோ குறைந்த பிறகு 24 எவ்வளவாக இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இறங்கியிருந்தாலும் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை என்று இப்போதே சொல்லிவிட்டார். மன்னார்குடியிலிருந்து தாயார் தினமும் இரவு ஒன்பதரைக்குக் காணொளியில் அழைத்து, முகமூடியை மாட்டிக்கொண்டாளா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறாராம்.